நானூறு ஆம்பியர் போதாது

சார், அந்தப் பெரிசைக் கீழ வைங்க. உங்களுக்கு எதுக்கு அது? வெளியில வேப்பமரத்தடியில நிக்கிற வெள்ளைக் கார்தானே உங்களுது? பெட்ரோல்தானே? ஆயிரத்து இருநூறு சிசி இருக்குமா? அப்ப அந்தச் சின்ன டப்பா போதும். நானூறு ஆம்பியர். கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க. பேட்டரி செத்துக் கிடந்தாலும் எழுப்பி உட்கார வச்சிரும்.

நான் கடை ஆள் இல்ல சார். உங்களை மாதிரி வாங்க வந்தவன்தான். கடைக்காரர் எனக்குப் புதுசு எடுத்து வர மாடிக்குப் போயிருக்காரு. அவருக்கு முழங்கால் வலி. ஏறி இறங்க அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள நான் உங்களுக்கு எல்லாத்தையும் சொல்லிருவேன். இந்த ஜம்ப் ஸ்டார்ட்டர் விஷயத்துல என்னை மாதிரி அடிபட்டவன் இந்தத் திருச்சி ஜில்லாவுலயே கிடையாது.

டப்பா மேல பாருங்க, நம்பர் நம்பரா எழுதி வச்சிருக்கான். அங்கதான் மோசம் போறோம். இருபதாயிரம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான் பாத்தீங்களா? அது போனுக்கு சார்ஜ் ஏத்தற கணக்கு. அதுக்கும் வண்டி ஸ்டார்ட் ஆகறதுக்கும் சம்பந்தமே இல்ல. மூலையில எறும்பு ஊர்ற மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க, அதான் ஆம்பியர். அதுலயும் ரெண்டு இருக்கு. பீக்குன்னு ஒண்ணு, ஸ்டார்ட்டிங்னு ஒண்ணு. பீக்கு கண்ணு சிமிட்டற நேரத்துக்குத்தான். புது மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டுல முதல் நாள் போடற சாப்பாடு மாதிரி. அதை நம்பி உட்காரக்கூடாது. ஸ்டார்ட்டிங்னு போட்டிருக்கறதுதான் தினப்படி சாப்பாடு.

இதெல்லாம் இப்பத் தெரியுது. போன கார்த்திகையில இதே கடையில, இதே ஸ்டூல்ல உட்கார்ந்துக்கிட்டு, கடைக்காரர் ஆயிரம் ஆம்பியர் டப்பாவை எடுத்து வைக்கிறாரு, நான் அவர்கிட்ட வாதம் பண்றேன். ஏன்யா, இதுல ஆயிரம்னு போட்டிருக்கு, அதுல இருபதாயிரம்னு போட்டிருக்கு, எது பெரிசுன்னு எனக்குத் தெரியாதான்னு கேட்டேன். அவர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. உங்களுது டீசல் வண்டி, ரெண்டரை லிட்டர் எஞ்சின், அந்தச் சின்ன டப்பா நானூறு ஆம்பியர், போதாதுன்னாரு. இந்த ஆளு பெரிசைத் தலையில கட்டப் பாக்கறாருன்னு நான் நினைச்சேன். சின்னதை வாங்கிப் பையில போட்டுக்கிட்டு, ஜெயிச்ச மாதிரி பஸ் ஏறினேன். என் தப்பு இல்ல சார் அது. டப்பாவுல எழுதினவன் தப்பு.

என் வண்டியா? சொல்றேன். சொன்னதும் எழுந்திரிச்சுப் போயிரக்கூடாது.

சொர்க்க ரதம் சார். அமரர் ஊர்தி. துறையூர்ப் பக்கம் வந்து வைரப்பெருமாள் வண்டின்னு கேளுங்க, சின்னக் குழந்தை கூட வழி காட்டும். பதினாலு வருஷமா ஓட்டறேன். என் வண்டியில வந்தவங்க ஒருத்தர் கூட இதுவரைக்கும் குறை சொன்னதில்ல. அட, தள்ளி உட்காராதீங்க சார். வண்டி வீட்டுல நிக்குது. நான் பஸ்ஸுலதான் வந்தேன். குளிச்சிட்டுத்தான் வந்தேன்.

எங்க தொழில்ல ஒரு கஷ்டம் இருக்கு. கல்யாண வண்டி நின்னு போச்சுன்னு வைங்க, நாலு பேரு சிரிச்சுக்கிட்டே வந்து தள்ளுவாங்க. பொண்ணோட தோழிங்க பாக்கறாங்கன்னா பத்துப் பேரு தள்ளுவாங்க. என் வண்டி நின்னா எவனும் கை வைக்க மாட்டான். அதைத் தள்ளி விடறது ஆகாதுன்னு ஒதுங்கிருவாங்க. சரி, பாடியை இறக்கி உள்ள வச்சிட்டு ரிப்பேர் பாக்கலாம்னா அதுவும் கூடாது. வாசப்படி தாண்டி வெளியில எடுத்துட்டா திரும்ப வீட்டுக்குள்ள கொண்டு போகக்கூடாது. வண்டியைப் பின்னாடி எடுக்கவும் கூடாது. அதனால நான் காலையிலயே போய் வண்டியைச் சுடுகாட்டுப் பக்கம் பாத்துத் திருப்பி நிப்பாட்டிருவேன். ஏத்தினா நேரா முன்னாடிதான்.

தை மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஊர் பேரு வேணாம். அங்க லைன்மேன் செல்லக்கண்ணு இறந்துட்டாரு. முப்பது வருஷம் கரண்டு மரம் ஏறின மனுஷன். சுத்துப்பட்டுல அவர் கை படாத பியூஸ் கட்டை கிடையாது. அதனால கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். மூத்த மகன் அறவாழி என்கிட்ட வந்து, அண்ணே, அப்பாவுக்கு வெளிச்சம் பிடிக்கும், லைட்டு எல்லாம் போட்டு விடுங்கன்னாரு. நானும் சீரியல் லைட்டு, வண்டி உச்சியில சுத்தற சக்கரம், மைக் செட்டுல பாட்டு, எல்லாத்தையும் காலையில எட்டு மணிக்குப் போட்டு விட்டேன். பட்டப்பகல்ல வண்டி திருவிழா மாதிரி மினுமினுன்னு நிக்குது. எல்லாம் வண்டி பேட்டரியிலதான் ஓடுது. அதுவோ நாலு வருஷப் பேட்டரி. ஆனா எனக்கென்ன பயம்? சீட்டுக்கு அடியிலதான் இருபதாயிரம் இருக்கே!

மூணு மணிக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி கிளம்பிரணும்னு சொல்லி, ரெண்டரைக்குப் பாடியைத் தூக்கிட்டு வந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சாங்க. அறவாழி கொள்ளிச் சட்டியை உறியில தூக்கிக்கிட்டு வண்டிக்கு முன்னாடி நின்னாரு. கொள்ளிச் சட்டி எடுத்தவன் திரும்பிப் பாக்கக்கூடாதுன்னு தெரியும்ல சார்? முகத்தை வேற பக்கம் கூடத் திருப்பக்கூடாதுன்னு அந்த ஊர்ல ரொம்பக் கண்டிப்பு. நேரா முன்னாடி பாத்துக்கிட்டு நடக்கணும். இதை மனசுல வச்சுக்கங்க.

சங்கு ஊதியாச்சு. வெடி போட்டாச்சு. நான் சாமியைக் கும்பிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

டக். டக். டக்.

அவ்வளவுதான். சீரியல் லைட்டு மங்கிப் போயிருச்சு, மைக் செட்டுல பாட்டு இழுத்துக்கிட்டே போய் நின்னுருச்சு. எனக்கு வேர்த்துக் கொட்டுது. ஆனாலும் கெத்தை விடல. பேட்டரி என் சீட்டுக்கு அடியிலதான் இருக்கு. சீட்டைத் தூக்கி டப்பாவை எடுத்தேன், சிவப்பு கிளிப்பு இங்க, கறுப்பு கிளிப்பு அங்க, மாட்டினேன். ஒரு நிமிஷம் பொறுங்கன்னு கையைக் காட்டிட்டுத் திருப்பினேன்.

டக். டக்.

முன்னாடி மூணு டக் வந்துச்சு சார். டப்பாவை மாட்டினதுக்கு அப்புறம் ரெண்டுதான் வருது.

அப்பத்தான் கடைக்காரர் சொன்னது காதுல விழுந்துச்சு. நானூறு ஆம்பியர் உங்க எஞ்சினுக்குப் போதாதுன்னு. கார்த்திகையில சொன்னது தை மாசம் விழுது. டப்பாவோட வந்த காகிதத்துல ஒரு வழி போட்டிருந்துச்சு. பேட்டரி ரொம்ப இறங்கிப் போயிருந்தா டப்பாவை மாட்டி அப்படியே விட்டிரு, கொஞ்சம் கொஞ்சமா ஏறும், சிவப்பு லைட்டு பச்சையானதும் ஸ்டார்ட் பண்ணுன்னு. உடனே லைட்டு, சக்கரம், மைக்கு எல்லாத்தையும் அணைச்சேன். தலையை வெளியில நீட்டி, பத்து நிமிஷம் பொறுங்க, ஆம்பியர் பத்தலைன்னேன்.

ஒரு லைன்மேன் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டுக் கரண்டு பத்தலைன்னு சொல்றேன். எவன் நம்புவான்?

கூட்டத்துல ஒரு பங்காளிப் பெரியவர் இருந்தாரு, தலையில துண்டு கட்டிக்கிட்டு. அவர் பட்டுனு சொல்லிட்டாரு, "வண்டியில கோளாறு இல்லப்பா. செல்லக்கண்ணு போக மாட்டேங்கிறான். ஏதோ குறை வச்சிருக்கான்."

நான் சொல்றேன், அய்யா, பேட்டரி, டீசல் எஞ்சினு, ஸ்டார்ட்டிங் ஆம்பியர்னு. ஒருத்தரும் என் பக்கம் திரும்பல. எல்லாரும் கண்ணாடிப் பெட்டி பக்கம் போயிட்டாங்க. ஒருத்தர் ஓடிப் போய் செல்லக்கண்ணுவோட மூக்குக் கண்ணாடியைக் கொண்டு வந்து மாட்டி விட்டாரு. இன்னொருத்தர் கட்டிங் பிளேயரைக் கொண்டு வந்து வலது கைக்குக் கிட்ட வச்சாரு. வச்சிட்டு என்னைப் பாத்து, இப்ப எடுய்யான்னாரு. நான் டெஸ்ட் பண்ற மாதிரி திருப்பினேன். டக். டக். அட, கட்டிங் பிளேயர் இல்லையாம்னு அவரே சொல்லிக்கிட்டாரு.

அப்புறம் செல்லக்கண்ணு சம்சாரம் அஞ்சலையம்மா வந்தாங்க. ரெண்டு பேரு தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. கண்ணாடிப் பெட்டி மேல கையை வச்சு, "முந்தாநாள் சர்க்கரை போட்டு ஒரு காபி கேட்டீங்களே, சுகர்னு சொல்லிக் கொடுக்காம விட்டேனே, அதுக்கா இப்படி நிக்கறீங்க?"ன்னு கேட்டாங்க சார். எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரல. காபி வந்துச்சு. அந்தம்மாவே சர்க்கரையைக் கரண்டி கரண்டியாப் போட்டு, ஆத்தி, அவர் தலைமாட்டுல வச்சாங்க. எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. இந்தக் காபியிலயாவது வண்டி கிளம்பக்கூடாதான்னு நானே வேண்டிக்கிட்டுத் திருப்பறேன்.

டக்.

அப்பத்தான் பெரியவர் குரலைத் தாழ்த்திச் சொன்னாரு, "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. தங்கச்சி வந்து முச்சந்தியில நிக்குது. அதான் அவன் நிக்கிறான்."

கூட்டமே முச்சந்திப் பக்கம் திரும்பிச்சு.

நான் முன்னாடி பாத்தேன். தெரு முச்சந்தியில, டிரான்ஸ்பார்மருக்குக் கீழ ஒரு அம்மா நிக்குது. அறுபது வயசு இருக்கும். கையில மஞ்சப் பை, தோள்ல ஒரு மாலை. அது செல்லக்கண்ணுவோட கூடப் பிறந்த தங்கச்சி, பவுனாம்பாள். விஷயம் என்னன்னா, பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அந்தம்மா பொண்ணை அறவாழிக்குக் கேட்டிருக்காங்க. அத்தை மகள், உரிமை உள்ள இடம். அந்தப் பொண்ணு கூடப் படிச்ச ஒரு பையனைக் கட்டிக்கிட்டுக் கோயம்புத்தூர் போயிருச்சு. அம்மாக்காரியும் முன்னாடி நின்னு கட்டி வச்சிருச்சு. செல்லக்கண்ணு பத்துப் பேருக்கு முன்னாடி, என் பொணத்து மூஞ்சியில கூட அவ முழிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. சொன்னது சொன்னதுதான். ஒரு நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்ல.

அந்தம்மா வீட்டு வாசலுக்கு வரத் தைரியம் இல்லாம முச்சந்தியில வந்து நின்னிருக்கு. வண்டி அந்த வழியாத்தானே போகணும்? போறப்ப ஒரு நொடி பாத்துக்கலாம்னு. எங்க வண்டி முச்சந்தியைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கறீங்க? நான் சொல்றேன். மூணு நொடி. அண்ணன் மூஞ்சியைக் கடைசியாப் பாக்க அந்தம்மாவுக்கு மூணு நொடி. அதுவும் கண்ணாடி வழியா, பூவுக்கு நடுவுல.

அறவாழி திரும்பாமலே கத்தினாரு, "அப்பா வார்த்தையை நான் மீற மாட்டேன். அவங்க வரக்கூடாது."

"வார்த்தை சொன்னவனே இப்பப் போக மாட்டேங்கிறானேப்பா"ன்னாரு பெரியவர்.

"வண்டி ரிப்பேரு அது!"

பாருங்க சார், அத்தனை கூட்டத்துல என் பேச்சை நம்பின ஒரே ஆளு அறவாழிதான்.

ஆனா நான் மனசுல வச்சுக்கச் சொன்னேன்ல? கொள்ளிச் சட்டி எடுத்தவன் முகத்தைத் திருப்பக்கூடாது. வண்டி முச்சந்தியைப் பாத்து நிக்குது. வண்டிக்கு முன்னாடி அவர். அவருக்கு நேர் எதிர்ல, முப்பது அடியில, அத்தை. நான் டிரைவர் சீட்டுல இருந்து பாக்கறேன், அவர் முதுகு தெரியுது, முதுகுக்கு அந்தப் பக்கம் அந்தம்மா தெரியுது. என் வண்டி கிளம்பற வரைக்கும் அந்த மனுஷன் அந்தம்மாவைப் பாத்துக்கிட்டேதான் நின்னாகணும். வேற வழியே இல்ல. பதினோரு வருஷமா கடைத்தெருவுல பாத்தா சைக்கிளைத் திருப்பிக்கிட்டுப் போனவரு. அன்னிக்குத் திருப்ப முடியல.

அந்தம்மா ஒண்ணும் பண்ணல சார். அழுது ஆர்ப்பாட்டம் பண்ணல. கிட்ட வரல. மஞ்சப் பையில இருந்து அண்ணனுக்குப் போடக் கொண்டு வந்த கோடி வேட்டியை எடுத்து நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுச்சு. அறவாழி உறியை வலது கையில இருந்து இடது கைக்கு மாத்தினாரு. இடதுல இருந்து வலதுக்கு. சட்டி சூடு வேற.

அந்த நேரம் பாத்து என் காலுக்குக் கீழ பச்சை லைட்டு எரிஞ்சுது.

எட்டு நிமிஷம் ஆயிருக்கும். சிவப்புப் போயி, பச்சை. திருப்பினா எடுத்துரும். எனக்கு மட்டும்தான் தெரியும், டப்பா சீட்டுக்கு அடியில கிடக்கு. பெரியவர் ஜன்னல்கிட்ட வந்து, என்னய்யா ஆச்சு, எடுக்குதான்னு கேட்டாரு.

இல்லீங்கன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்க. இன்னும் கொஞ்சம் ஏறட்டும்னு பாத்தேன். பச்சை வந்த உடனே திருப்பினா டப்பா சூடாயிரும். டெக்னிக்கல் சார். அதைத் தவிர வேற ஒண்ணும் இல்ல. அடுத்த வீட்டுச் சண்டையில நான் தலையிடற ஆளே கிடையாது. பதினாலு வருஷத்துல ஒரு சாவு வீட்டுல நான் வாயைத் திறந்ததில்ல. சாவியை ஆணியில மாட்டற மாதிரி விரல்ல மாட்டிக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மணி ரெண்டு அம்பது. ராகு காலத்துக்குப் பத்து நிமிஷம்.

ரெண்டு அம்பத்தி மூணுக்கு அறவாழி தொண்டையைச் செருமினாரு. ஒரு தடவை. ரெண்டு தடவை. அப்புறம் அந்தத் தெருவே கேக்கற மாதிரி, "அத்தே, வாங்க"ன்னாரு.

சார், அந்தம்மா நடந்து வரல. ஓடி வந்துச்சு. செருப்பு ஒண்ணு டிரான்ஸ்பார்மர்கிட்டயே கிடக்கு. அறவாழியைத் தாண்டறப்ப அவர் தோளை ஒரு கையால பிடிச்சிட்டுத்தான் பின்னாடி வந்துச்சு. கண்ணாடிக் கதவைத் திறந்து விட்டாங்க. கோடி வேட்டியைப் போட்டு, மாலையைப் போட்டு, அண்ணன் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு, "பொண்ணு கொடுக்கலேன்னா தங்கச்சி இல்லாமப் போயிருவேனாண்ணே?"ன்னு கேட்டுச்சு. வேற ஒண்ணும் கேக்கல. அஞ்சலையம்மா அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கதறினாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, மறைப்பானேன்? ஊதுபத்திப் புகை வேற அதிகம்.

பெரியவர் என்னைப் பாத்தாரு. நான் சாவியைப் போட்டுத் திருப்பினேன்.

அரைச் சுத்து. கர்ருனு எடுத்துச்சு பாருங்க, கூட்டமே பத்தடி பின்னாடி போயிருச்சு. பாத்தியா, தங்கச்சிக்காகத்தான் நின்னிருக்கான்னு ஒரே சத்தம். வண்டியைத் தொட்டுக் கும்பிடறாங்க. பானெட்டுல ஒருத்தர் சந்தனம் வைக்கிறாரு. நான் அடி அடியா ஓட்டிக்கிட்டுப் போறேன். ரெண்டு அம்பத்தி எட்டுக்கு முச்சந்தியைத் தாண்டினோம்.

இதுல எனக்கு என்ன வருத்தம்னு கேளுங்க. என் பேரு கெட்டுப் போச்சு சார். பாதி ஊர்ல வைரப்பெருமாள் வண்டி பாடியை வச்சுக்கிட்டு நின்னுருச்சுங்கறான். மீதி ஊர்ல, அது சாதாரணமா நிக்காது, நின்னா அந்த வீட்டுல ஏதோ இருக்குங்கறான். போன மாசம் ஒரு வீட்டுல வண்டியைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டாங்களாம், எதுக்கு வம்புன்னு. ஒரு டிரைவருக்கு இது மரியாதையா? அதான் புதுப் பேட்டரி போட்டுட்டேன். இனிமே லைட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல கிடையாது. அதுக்கும் மேல பாதுகாப்புக்கு ஆயிரம் ஆம்பியர்ல ஒண்ணு வாங்கிரலாம்னு வந்தேன். டீசலுக்கு அதுதான் சரியான அளவு.

போன வெள்ளிக்கிழமை ஒரு வீடு. புதுப் பேட்டரி. சாவியைத் தொட்டதும் எடுத்துருச்சு. எனக்கு அப்படி ஒரு பெருமை. எல்லாரும் பாருங்கடான்னு கிளம்பிட்டேன். முச்சந்தி திரும்பறப்ப ஓரத்துல ஒருத்தன் நின்னான், நாப்பது வயசு இருக்கும். வெயில்ல வாடின மாலை ஒண்ணு கையில. யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. வண்டி தாண்டிருச்சு. மூணு நொடி. சைடு கண்ணாடியில பாத்தேன், மாலையை எங்க போடறதுன்னு தெரியாம நிக்கிறான்.

நாலு நாளா எனக்குச் சரியாச் சாப்பாடு இறங்கல. வயித்துக் கோளாறுன்னு வீட்டுல சொல்லியிருக்கேன்.

இதோ இறங்கிட்டாரு கடைக்காரர். மெதுவாங்க, மெதுவா, ஒண்ணும் அவசரம் இல்ல. ஆயிரம் ஆம்பியரா? டீசலுக்குத்தானே? சரி, பில்லைப் போடுங்க. நீங்க கார்த்திகையிலயே சொன்னீங்க, நான்தான் கேக்கல, ஒத்துக்கறேன். என்னது? பழைய டப்பாவைக் கொடுத்தா மாத்திக்கறீங்களா? இல்லீங்க, அது இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு. சீட்டுக்கு அடியில ஒரு ஓரமாக் கிடக்கும்.

என்ன சார் சிரிக்கறீங்க? நீங்களே யோசிச்சுப் பாருங்க. பெரிசு ஒரே திருப்புல எடுத்துரும். முச்சந்தியில யாராவது மாலையை வச்சுக்கிட்டு நின்னாங்கன்னா, நான் எதைக் காட்டிப் பத்து நிமிஷம் பொறுங்கன்னு சொல்லுவேன்?